சடைச்சி தோண்டிய வழி

ஒரு காட்டில் என்று சொன்னதும் எந்தக் காடு, எந்த ஜில்லா என்று கேட்டு உயிரை வாங்காதீர்கள். ஊசிப்பாறை மலைக்காடு. மேலே மூங்கில், கீழே ஓடை, நடுவில் செங்குத்தான சரிவு. அந்த மூங்கில் புதரில் சடைச்சி என்று ஒரு காட்டுப்பன்றி ஆறு குட்டிகளோடு குடியிருந்தாள். புருஷன் எங்கே என்கிறீர்களா? பன்றிச் சாதியில் அந்தக் கேள்வியே கிடையாது.

பன்றிக்கு வியர்க்காது. இது தெரியாமல் "சேற்றிலே புரளுதே, சீ" என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் நிறையப் பேர். வெயில் ஏற ஏற அதற்கு உடம்பு கொதிக்கும். சேறு அப்பினால்தான் தணியும். சடைச்சியின் சேற்றுக்குழி ஓடைக்கரையில் இருந்தது. புதரிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு ஒற்றையடித் தடம்தான். இரண்டு பக்கமும் முள்ளும் பாறையும். ஏழு தலைமுறைப் பன்றிகள் நடந்து தேய்த்த வழி. பட்டா கிடையாது, ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

சித்திரை பிறந்து முதல் சனிக்கிழமை காலையில், அந்தத் தடத்தின் உச்சியிலிருந்து "ஊய்ய்ய்!" என்று ஒரு கூச்சல் கேட்டது. தலையில் கவசம், முழங்காலில் கவசம், தடித்த டயர் சைக்கிள் என்று ஒருத்தன் பறந்து வந்தான். அவன் பின்னாலேயே ஒருத்தி. அப்புறம் நாலு பேர். அதற்கு மேல் சடைச்சிக்கு எண்ணத் தெரியாது. குட்டிகள் ஆறு என்பதால் ஆறு வரைக்கும்தான் படித்திருந்தாள். கடைக்குட்டி மொச்சையின் வால் ஒரு மயிரிழையில் தப்பியது.

"ஆத்தாடி! அடேய், உங்களுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினாள்.

அவர்கள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனார்கள். போனதோடு விட்டார்களா? போனில் அந்தத் தடத்தைக் கோடாக இழுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து விடிந்தால் சைக்கிள், பொழுது சாய்ந்தால்தான் ஓய்வு. இருட்டின பிறகு குழிக்குப் போகலாமே என்பீர்கள். இருட்டினால் அங்கே சிறுத்தை தண்ணீர் குடிக்க வரும். குட்டிக்காரி போவாளா?

பத்து நாளில் மொச்சையின் தோல் வெடித்துவிட்டது. குட்டி தாய்ப்பாலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சுருண்டு கிடந்தான். சடைச்சி யாராவது வழி சொல்வார்களா என்று ஓடினாள்.

அடுத்த சரிவில் சாந்தப்பன் என்று ஒரு கடமான் இருந்தார். பெயருக்கேற்ற ஆசாமி. உப்புமண் திட்டுக்கு அவர் போகும் வழியிலும் சைக்கிள் வந்துவிட்டது. "பதறாதே சடைச்சி. எதுக்கும் ஒரு முறை இருக்கு. மனு குடுப்போம்," என்றார்.

வழித்தடக் குறைதீர் அலுவலகம் ஒரு பலாமரப் பொந்தில் இருந்தது. எழுத்தர் ஒரு தேவாங்கு. தேவாங்கு பகலெல்லாம் தூங்கும் பிராணி. அலுவலக நேரமோ காலை பத்து முதல் மாலை ஐந்து. யார் போட்ட சட்டமோ தெரியாது. மூன்று நாள் வரிசையில் நின்ற பிறகு, நான்காம் நாள் தும்மல் வந்து அது கண்ணைத் திறந்தது. விட்டால் மறுபடி மூடிவிடும் என்று சடைச்சி கதையை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"படிவம் பதினேழு," என்றது தேவாங்கு. "உங்க வழிதான்னு நிரூபிக்க அடிச்சுவடு மூணு பிரதி. மூணுலயும் கெசட்டட் அதிகாரி பச்சை மையில கையெழுத்து."

"கெசட்டட் அதிகாரி யாரு?"

"புலி."

"போன வாரம் ஒரு முயல் கையெழுத்து வாங்கப் போச்சே?"

"அந்த மனு நிலுவையில இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

சாந்தப்பன் படிவத்தைப் பத்திரமாக வாங்கி மடித்துக் கொம்பில் செருகிக்கொண்டார். சடைச்சி தரையைக் காலால் உதைத்தாள். "என் பிள்ளை சாகக் கிடக்குது. இவன் கொட்டாவி விடுறான். அண்ணே, எங்க சாதிக்குத் தெரிஞ்ச வித்தை ஒண்ணுதான். தோண்டிப்புடுறேன்."

அன்றைக்கே மூக்கை மண்ணில் குத்தினாள். பன்றி மூக்கு கடப்பாரைக்குத் தாத்தா. தடத்தின் குறுக்கே முழ ஆழத்துக்கு ஒரு பள்ளம். எடுத்த மண் அதன் முன்னால் மேடு. வந்து விழுந்து சாகுங்கடா என்று புதருக்குள் உட்கார்ந்து பார்த்தாள்.

முதலில் வந்தவன் யுகேந்திரன் என்கிற அந்தக் கோஷ்டித் தலைவன். மேட்டைப் பார்த்தான். கண் விரிந்தது. வேகத்தைக் கூட்டினான். மேட்டில் ஏறி, ஆகாயத்தில் பறந்து, பள்ளத்தைத் தாண்டி, தொப்பென்று அந்தப் பக்கம் இறங்கினான்.

"மச்சி! எவனோ செம ஜம்ப் கட்டியிருக்கான்டா!"

அன்று முழுக்க ஒவ்வொருத்தரும் நாலு தடவை தாண்டினார்கள். சடைச்சிக்குத் தாடை தொங்கிவிட்டது. பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் மூன்று பள்ளம் தோண்டினாள். கற்களை உருட்டிப் பரப்பினாள். இற்றுக் கிடந்த மரத்தைத் தள்ளிக் குறுக்கே போட்டாள். கற்களுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள், மரத்துக்கு இன்னொரு பெயர். ஒருத்தி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். அப்பாடா, இனி வரமாட்டார்கள் என்று சடைச்சி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். விழுந்தவள் கையில் கட்டோடு சிரித்தபடி எடுத்த படத்தை ஊரே பார்த்தது. அடுத்த வாரம் வந்த கூட்டம் இரண்டு மடங்கு.

சாந்தப்பன் வேறு வழியில் போனார். "நாம மரியாதை குடுத்தா அவங்களும் குடுப்பாங்க," என்று தன் தடத்தில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கினார். முள்ளை ஒதுக்கினார். குளம்பால் மிதித்து மிதித்துச் சமமாக்கினார். சைக்கிள்காரர்கள் ஒரு முறை வந்து பார்த்து, "இதுல தூங்கிக்கிட்டே போலாம்டா, போர்," என்று போனவர்கள்தான். திரும்பவே இல்லை.

காடே சாந்தப்பனைக் கொண்டாடியது. மயில் வந்து ஆடிவிட்டுப் போனது. "பார்த்தாயா சடைச்சி? கெடுவான் கேடு நினைப்பான். நீ கெடுதல் நினைச்சே, கூட்டம் கூடிப்போச்சு. நான் நல்லது செய்தேன், வழி எனக்குத் திரும்பிருச்சு," என்றார் அவர். வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் முடித்துப் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

சடைச்சி மொச்சையைப் பார்த்தாள். குட்டியின் மூச்சு அனலாக அடித்தது. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்தாள். "சரிண்ணே. நாளைக்கு நானும் எல்லாத்தையும் மூடிச் சமமாக்கிடுறேன்," என்றாள்.

நல்ல வேளை, மூக்கு வீங்கியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டாள்.

மூன்றாம் நாள் சாந்தப்பனின் தடத்தில் ஒரு ஜீப் வந்தது. ஏன் வராது? கல் இல்லை, முள் இல்லை, சமமான மண். பின்னால் இன்னும் இரண்டு ஜீப். வாரம் முடிவதற்குள் இருமருங்கும் மரத்தை வெட்டி அகலப்படுத்தினார்கள். உப்புமண் திட்டில் வண்டி நிறுத்தினார்கள். பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜிக் கடை. சாந்தப்பன் ஒரு நாள் உப்பு நக்கப் போனபோது நாற்பது பேர் முதுகைக் காட்டி நின்று அவரோடு செல்ஃபி எடுத்தார்கள். மனுஷர் நடுங்கிப்போய், மன்னிக்கவும், மான் நடுங்கிப்போய்த் திரும்பி வந்துவிட்டார். அதைக் கண்ட சடைச்சி பள்ளத்தை மூடும் பேச்சையே விட்டுவிட்டாள்.

இங்கே சைக்கிள் கோஷ்டிக்கோ வேறு ஒரு மண்டைக்குடைச்சல். இத்தனை அருமையாகத் தடம் போடுகிற மேதை யார்? யுகேந்திரன் ஒரு மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டுப் போனான். மறுநாள் படத்தைப் பார்த்தார்கள். மூக்கு வீங்கின சடைச்சி, பாதிப் பள்ளத்தில் படுத்து, "நாசமாப் போறவனுங்களா," என்று திட்டிக்கொண்டே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ அளவெடுக்கிறது என்று நினைத்தார்கள்.

"டேய், பன்னிடா! பக்கத்துல ஆறு குட்டி வேற. நாம தினம் வந்தா பயந்து ஓடிருமே. அப்புறம் இந்த மாதிரி ஜம்ப் யாரு போடுவா?"

மறுநாள் தடத்தின் உச்சியில் குறுக்கே கயிறு கட்டி ஒரு பலகை நட்டார்கள். சடைச்சிக்குப் படிக்கத் தெரியாது. இன்னும் என்ன எழவைக் கட்டியிருக்கிறார்களோ என்று பயந்து, தேவாங்கைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் உலுக்கினாள். அது ஒரு கண்ணைத் திறந்து வாசித்தது.

"திங்கள் முதல் வெள்ளி வரை தடம் மூடப்பட்டுள்ளது. பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. பணியில் இருக்கும் பன்றிக்கு இடையூறு செய்யாதீர்." கொட்டாவி விட்டது. "எக்கா, உங்களுக்கு வேலை போட்டிருக்காங்க."

"அப்படின்னா?"

"அஞ்சு நாளு இந்தப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான்."

சடைச்சி தேவாங்கை அப்படியே கீழே போட்டாள். புதருக்கு ஓடினாள். மொச்சையைக் கவ்விக்கொண்டு, மற்ற ஐந்தும் பின்னால் உருண்டு வர, தான் தோண்டின ஒவ்வொரு பள்ளத்திலும் தானே விழுந்து எழுந்து குழிக்கு வந்து சேர்ந்தாள். மொச்சையைச் சேற்றில் இறக்கினாள். முதலில் அசையவில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஒரு காது அசைந்தது. பிறகு புரண்டு, முகத்தில் சேறு தெறிக்க "ஹர்ர்" என்றான். சடைச்சி ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தில் தானும் விழுந்து புரண்டாள்.

சாயங்காலம் சாந்தப்பன் வந்து நின்றார். தலை குனிந்திருந்தது. கொம்பில் அந்தப் படிவம் பதினேழு.

"என் வழி போச்சு சடைச்சி. முறைப்படிதான் மீட்கணும். நாளைக்குப் புலிகிட்டே போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன்."

சடைச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையைக் குனிங்கண்ணே."

குனிந்தார். மொச்சை எட்டிப் படிவத்தைப் பிடுங்கி நாலே கடியில் தின்றுவிட்டான். படுத்த நாளிலிருந்து அவன் ஆசையாக வாய் திறந்து தின்ற முதல் பண்டம் அதுதான்.

"உப்பு போனாப் போகுது. இனிமே என் வழியிலயே வந்து தண்ணி குடிங்க," என்றாள் சடைச்சி. "ஒண்ணே ஒண்ணு. நடக்கிற இடத்துல ஒரு கல்லைக்கூட எடுத்து ஓரமா வைக்கக் கூடாது. வச்சீங்க, கடிச்சுப்புடுவேன்."

நீதி: வழியைச் செப்பனிட்டவனுக்கு ஜீப் வரும், தோண்டிப் போட்டவளுக்குப் பலகை வரும். ஆகவே குழந்தைகளே, உங்கள் தெருவில் பள்ளம் இருந்தால் மனு எழுதாதீர்கள். பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள், யாராவது பணியில் இருப்பார்கள்.