நாலு மூலையும் ஒரே மட்டம்

மூன்றாவது மூலைத் தூண் மட்டும் இரண்டு விரல் உயர்ந்து நின்றது.

"பரவாயில்ல வாத்தியாரே, மத்த மூணுலயும் ஒரு தகடு வெச்சு சரிக்கட்டிடலாம்," என்றார் கொத்தனார்.

தகடா? முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது?

"மட்டம் தப்புனா கண்டெய்னர் கோணிக்கும். கோணிச்சா கதவு திறக்காது. அப்புறம் அவ எங்க உக்காந்து தைப்பா?"

வாத்தியாரின் கவலையெல்லாம் அதுதான். மனைவி இருபது வருஷமாகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து தைத்தவள். அவளுக்கென்று ஒரு கடை வேண்டும் என்று, ஓய்வு பெற்ற கையோடு பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்றை வாங்கிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்து சீருடை ஆர்டர்கள் கைநழுவுவதற்குள் கடை திறந்தாக வேண்டும். லாரிக்காரர் காத்திருக்க முடியாது என்றதால், வீட்டு முன்னால் தெருவைப் பார்த்தபடி நாலு மரக்கட்டைமேல் அதை இறக்கினார்கள். இரண்டே நாளைக்குத்தான், பின்பக்கம் அஸ்திவாரம் முடிகிறவரைக்கும். அது ஆயிற்று ஒன்றரை மாதம். ஜல்லியும் சிமெண்டும் பின்சந்து வழியாகவே வந்ததில் அவர் முன்பக்கம் எட்டிப் பார்த்தே நாளாயிற்று.

பின்பக்கமும் மரக்கட்டை போதும் என்றுதான் முதலில் நினைத்தார். கறையான் ஞாபகம் வந்தது. குழி தோண்டி ஜல்லி கொட்டினார். மழை பெய்து குழி குளமாயிற்று. சரி, மூலைக்கு ஒன்றாக நாலு கான்கிரீட் தூண் என்று முடிவானது.

அதில் ஒன்று உயர்ந்தது. மற்ற மூன்றையும் உயர்த்தினார். இப்போது அது தாழ்ந்துவிட்டது. அதை உயர்த்தினால் பக்கத்துத் தூண் கோபித்துக்கொண்டது. முழங்கால் உயரத்தில் தொடங்கியவை இடுப்பளவுக்கு வந்துவிட்டன.

"இப்படியே போனா மொட்டை மாடிக்குச் சமமா கடை வெச்சிடலாம்," என்றார் கொத்தனார்.

"ஏணி போட்டுக்கலாம். நீங்க மட்டத்தைப் பாருங்க."

கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி டீ கொண்டுவந்தாள்.

"லேட்டாகுதுன்னு கோவமா?" என்று மெதுவாகக் கேட்டார் வாத்தியார்.

"எதுக்குங்க கோவம்? நிதானமா பண்ணுங்க. ஒரு அவசரமும் இல்ல."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வாரம் தினமும் நச்சரித்தவள், அப்புறம் வாயே திறக்கவில்லை. இப்படிப்பட்ட மனுஷியைப் போய்க் காக்க வைக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டுக்குச் சம்மதித்தார். மட்டக் குழாயில் நாலு மூலைக்கும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. உடனே கிரேனுக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை கிரேன் ஓட்டுநர் சங்கிலியோடு முன்பக்கம் போனார். கையசைத்து வழிகாட்ட வாத்தியார் தூண்களுக்கு நடுவில் நின்றார். பத்து நிமிஷம் கழித்து ஓட்டுநர் மட்டும் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"என்னப்பா, கதவு மாட்டிக்கிச்சா?"

"கதவு ஒரு மாசமா திறந்துதான் இருக்காம் சார். உள்ள மூணு மெஷின் ஓடுது. சீருடை முடிய இன்னும் பத்து நாள் ஆகுமாம், அதுவரைக்கும் சாரை இன்னொரு தடவை மட்டம் பார்க்கச் சொல்லுங்கன்னு அம்மா சொன்னாங்க."