கதவு மட்டும் வந்தது

சுவரே இல்லாத அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதிகாரம் செய்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்: எங்கள் அரைக்கதவார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் இரும்புத் தொழிற்சாலை அலுவலகத்தில் நான் குமாஸ்தா. ஹாலில் எங்களோடு உட்கார்ந்திருந்த அவருக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்தது. அதிகாரி என்றால் தனி அறை, அதற்கு ஆடும் அரைக்கதவு. அறைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கதவு மட்டும் வந்து சேர்ந்தது.

அவர் தச்சரைக் கூப்பிட்டார். தன் மேஜைக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, கதவை மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் வெட்டவெளி. பியூன் முனுசாமி டீயோடு பக்கவாட்டில் நுழைந்தார்.

"இன்னாய்யா, செவுத்த ஒடச்சிக்கினு வர்ற?"

"செவுரு எங்க சார் கீது?"

"தெரியலன்னா கண்ணாடி போடு."

முனுசாமி வெளியே போய், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் டீ ஆறிவிட்டதாக அதற்கும் ஒரு திட்டு.

ஒருமுறை உள்ளே யாரிடமோ அவர் சொன்ன ஜோக்குக்கு நாங்கள் சிரித்துவிட்டோம். "கதவுக்கு உள்ள பேசறது உங்களுக்கு எப்படிய்யா கேக்கும்?" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குக் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். கதவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "இது என்ன கூத்து? சாயங்காலத்துக்குள்ள கழட்டுங்க." அரைக்கதவார் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

தச்சர் திருப்புளியோடு வந்த நேரம், உலைப் பகுதித் தொழிலாளி ஏகாம்பரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீறா சார். பொழைக்கமாட்டான்றாங்க..." உடைந்து அழுதார்.

கைக்கெட்டும் தூரத்தில் நாங்கள். எல்லோரும் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்தோம். டைப்பிஸ்ட் காகிதம் சொருகாத மெஷினைப் படபடவென்று தட்டினார். தச்சர் முதுகைத் திருப்பி நின்றார்.

"லீவ நான் பாத்துக்கறேன் நைனா. நீ கெளம்பு," என்றார் அரைக்கதவார்.

கதவு போய்விட்டதா என்று பார்க்க வந்த மேனேஜர் அழுகிறவரைப் பார்த்தார், காது கேட்காத எங்களைப் பார்த்தார். ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகும்வரை நின்றார். பிறகு கதவுப் பலகையில் விரலால் தட்டினார்.

"உள்ளே வரலாமா?"

"வாங்க சார்."

கழற்றுகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

பின்னாளில் எனக்கு நாலு சுவரோடு அறை கிடைத்தது. பூட்டுகூட உண்டு. அதற்குள் வந்து யாரும் அழுததில்லை.