இருமலுக்குள் போன வார்த்தை

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்து தொலைப்பேன் என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது.

கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி கவிதாவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "மாடம்பாக்கத்துல சித்ரத்தை..." லொக் லொக்! "...ட்டு வந்துடுங்க. அது இல்லாம எனக்குச் சரியாகாது."

சித்ரா அத்தையா? மூன்று முறை போட்டுக் கேட்டேன். மூன்று முறையும் சித்ரா அத்தைதான். ('அது' என்கிறாளே, கோபம் இன்னும் தீரவில்லை போல.)

சித்ரா அத்தை என் மாமனாரின் தங்கை. மாடம்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். எங்கள் கல்யாணப் பத்திரிகையை நேரில் கொடுக்காமல் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று அவர் கல்யாணத்துக்கே வரவில்லை. அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. உடம்புக்கு முடியாதபோது அத்தையைத் தேடுகிறாளே, பாவம் என்று வண்டியைத் திருப்பினேன்.

"என்னையா? கவிதாவா கூப்பிட்டா? நல்லாக் கேட்டீங்களா மாப்பிள்ளை?" அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க இல்லாம சரியாகாதாம் அத்தை."

அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. புடவை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். "நானும் இவ்ளோ பிடிவாதமா இருந்திருக்கக் கூடாது" என்று வழியெல்லாம் என் ஹெல்மெட்டிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கவிதா கதவைத் திறந்தாள். அத்தையைப் பார்த்தாள், என் வெறுங்கையைப் பார்த்தாள். வாய் திறந்தது, அதற்குள் குரல் சுத்தமாகப் போயிருந்தது. போனில் தட்டி நீட்டினாள்: 'கஷாயத்துக்கு சித்தரத்தை வேர் எங்கே? நாட்டு மருந்துக் கடைக்குப் போனீங்களா இல்லையா?'

அப்படி ஒரு வேர் இருப்பதே (மாத்திரை தின்று வளர்ந்த) எனக்கு அன்றுதான் தெரியும். இருமலுக்குள் போன வார்த்தை 'வாங்கி'. நான் போட்டுக்கொண்டது 'கூட்டி'.

அத்தை எட்டிப் பார்த்து வாசித்துவிட்டார். முகம் வாடிப்போனது. ஆசையாய் வந்த மனுஷியை இரண்டாவது முறையும் அவமானப்படுத்திவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கவிதா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லத்தான் குரல் இல்லை.

"கல்யாணத்துக்கு மருந்துக்குக்கூட ஒருத்தர் வந்து கூப்பிடல," என்றார் அத்தை. "இப்ப மருந்துக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க!" சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரித்தார். மிளகு டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான்கு நாள் தங்கினார்.

இப்போதெல்லாம் அத்தை மாதம் தவறாமல் வருகிறார். எனக்குத்தான் நாட்டு மருந்துக் கடைப் பக்கம் போகத் தடை. போன வாரம் அதிமதுரம் தேவைப்பட்டது, சாவியை எடுத்தேன்.

"வேணாம் சாமி, நானே போறேன்," என்றாள் கவிதா. "நீங்க போனா மதுரம்னு எவளையாவது கூட்டிட்டு வந்து நிப்பீங்க."