கிண்டியரும் பதினொரு வெள்ளிக்காசும்

லண்டனுக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்தவர்களில் இங்கிலாந்து மண்ணை முழுதாக நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் கவுன்சில் வீட்டையும் ஓவர்டைமையும் நம்பினோம். அவர் நிலத்துக்குக் கீழே கிடப்பதை நம்பினார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது; யாருக்கும் நினைவில்லை. புல்லைக் கண்ட இடமெல்லாம் கிண்டுவார், ஆகவே கிண்டியர். கிண்டல் செய்யவும் வசதியான பெயர் என்பதால் தென் லண்டனில் நாங்கள் இருந்த லூயிஷாம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. ஒரே வீட்டில் கீழே நாங்கள் நாலு பேர்; மேலே கிண்டியரும் மனைவி பூமணி அக்காவும். ஒரு சனிக்கிழமை சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போன கிண்டியர், நீளத் தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டைப் பொருத்தியது போன்ற ஒரு பழைய மெஷினோடு திரும்பி வந்தார். உலோகத்தைக் கண்டால் கத்துமாம். வீட்டுக்குள்ளேயே வெள்ளோட்டம் நடந்தது. அக்காவின் தாலிக்கொடிக்குக் கத்தியது. என் அடைத்த பல்லுக்குக் கத்தியது. கிழங்குக்காகக் காத்திருந்த அக்கா மெஷினைவிடப் பலமாகக் கத்தினார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே?"

"பூமணி, இது பழைய நாடு. ரோமன்காரன் விட்டது, வைகிங்காரன் விட்டது எல்லாம் காலுக்குக் கீழதான் கிடக்கு. ஒருத்தரும் குனியினமில்லை."

இவர் குனிந்தார். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்த கையோடு குனிந்தார். பியர் போத்தல் மூடிகளாகவும் கோக் டின் வளையங்களாகவும் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் கழுவி, பிஸ்கட் டின்னில் பஞ்சு விரித்துக் கிடத்துவார். ஒரு முறை துருப்பிடித்த சாவி ஒன்று கிடைத்தது. எந்த மன்னனின் அரண்மனைச் சாவி என்று மூன்று நாள் ஆராய்ந்தார். நாலாம் நாள் அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டிலைத் திறந்தது.

என் மச்சான் ஊரிலிருந்து வந்து மூன்றாம் நாள். பின்வளவில் உடுப்புக் காயப்போடப் போனவன் அலறினான். ஓடிப்போய்ப் பார்த்தால் சிலை மாதிரி நிற்கிறான். எதிரே காதில் ஹெட்ஃபோனும் கையில் மெஷினுமாகக் கிண்டியர். மெஷின் மச்சானின் வலது பாதத்தைப் பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, கண்ணிவெடியே? காலை எடுக்கலாமே?" மச்சான் கெஞ்சினான்.

"அசையாதை! உன்ரை காலுக்குக் கீழதான் இருக்கு!" என்றார் கிண்டியர், ஹெட்ஃபோனில் மச்சான் சொன்னது கேளாத சந்தோஷத்தில்.

ஊரில் மெஷினோடு ஆள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மச்சான் முருகன் தொடங்கி அந்தோனியார் வரை எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் கிண்டியர் தோண்டினார். ஒரு தேக்கரண்டி வந்தது.

ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. கோயிலில் பெண்கள் பூமணி அக்காவைக் கண்டால், "என்ன அக்கா, புதையல் வந்திட்டுதே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அழுவார். எனக்குக் கோபம் வரும். நானும் அதே பகிடியைத்தானே விட்டிருக்கிறேன் என்று வெட்கமும் வரும்.

அப்போதுதான் லண்டனுக்கு வெளியே கென்ட் பக்கம் ஒரு விவசாயி கிண்டியருக்குத் தன் வயலைத் திறந்துவிட்டார். டிராக்டரிலிருந்து கழன்று தொலைந்த கொக்கியைக் கிண்டியர் தேடிக் கொடுத்ததற்கு அது நன்றிக்கடன். அங்கே வேலியோரம், ஒரு தட்டைக் கல்லைப் புரட்டித் தோண்டியபோது பதினொரு வெள்ளிக்காசுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் கிரீடம் வைத்த ஒரு தலை.

கிண்டியர் நேர்மையானவர்; முறைப்படி அறிவித்தார். சில வாரத்தில் கொரனரிடமிருந்து கடிதம் வந்தது. சாவை விசாரிக்கிறவர்தான் இந்த நாட்டில் புதையலையும் விசாரிப்பார் என்று எங்களுக்கு எங்கே தெரியும்?

"ஐயோ, ஆர் செத்தது? உந்த மெஷினாலை ஆருக்கும் அடிச்சுக்கிடிச்சுப் போட்டியளே?" என்று அக்கா தலையில் கைவைத்தார்.

விசாரித்ததில் சட்டம் புரிந்தது. காசு தவறி விழுந்ததென்றால் நிலக்காரருக்கு. அவர் பாதியைக் கிண்டியருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு ஒருவன் ஒளித்து வைத்ததென்றால் அரசாங்கத்துக்கு. சன்மானம் வரலாம், காசு மியூசியத்துக்குப் போய்விடும்.

அக்காவுக்கு வேண்டியது ஒரேயொரு காசு. பதக்கம் செய்து கழுத்தில் போட்டுக்கொண்டு கோயில் வீதியை மூன்று தரம் சுற்றி வரவேண்டும்.

"அந்தக் கல்லைப் பற்றி மட்டும் வாய் திறக்காதேங்கோ. விழுந்து கிடந்ததெண்டு சொல்லுங்கோ, போதும்."

"ஓம்" என்றார் கிண்டியர்.

விசாரணைக்கு மொழிபெயர்க்க நான் போனேன். பின்வரிசையில் அக்கா, சிவப்புச் சேலையும் கம்பளிக் கோட்டுமாக. முன்னால் விவசாயி, சவரம் செய்த முகத்தோடு. காசு எப்படிக் கிடந்தது என்று கொரனர் கேட்டார்.

கிண்டியர் காசைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "மேல ஒரு கல்லு வைச்சிருந்தது" என்றார்.

அக்கா இருமினார். மொழிபெயர்ப்பாளன் நான்தானே, கல்லை அப்படியே விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். கிண்டியர் விடவில்லை. "ஸ்டோன், சேர்! பிக் ஸ்டோன்!" என்று தானே கையை விரித்துக் காட்டினார்.

அந்தக் கல் தற்செயலாக அங்கே கிடந்திருக்கலாம் அல்லவா என்றார் கொரனர்.

"இல்லை ஐயா. அந்த வயலிலை வேறை கல்லே இல்லை. அது அடையாளக் கல்லு. திரும்பி வாறவன்தான் அடையாளம் வைப்பான்."

அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் கொரனர்.

"நாங்களும் வைச்சிட்டுத்தான் வந்தனாங்கள். இவவின்ரை நகையெல்லாம் கிணத்தடியிலை, துவைக்கிற கல்லுக்குக் கீழ கிடக்கு. ஆரும் எடுத்துப்போட்டு, அது விழுந்து கிடந்ததெண்டு சொன்னால் எங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

அதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தீர்ப்புக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பதினொரு காசும் அரசாங்கத்துக்கே போயின. விவசாயி தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ரயில் நிலையம் வரை அக்கா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மேடையில் போய் நின்ற பிறகு கிண்டியர்தான் மெதுவாகத் தொடங்கினார்.

"பூமணி, உன்ரை பதக்கம் போச்சு."

"போகட்டும்" என்றார் அக்கா. கிண்டியரின் கோட்டுப் பித்தானைச் சரியாகப் பூட்டிவிட்டார். "அந்தக் காசை வைச்சவன்ரை பெண்சாதியும் எத்தினை நாள் பாத்துக்கொண்டு இருந்திருப்பாள், பாவம்."

அந்த இரண்டு பேரையும் அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நம் ஆட்களுக்கு அதெல்லாம் வராது. ஓடிப்போய் மூன்று தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.