கால் இனிமேல்தான் வளரும்

வேனிலிருந்து நாய் இறங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் வெள்ளை முகம் வந்தது. ரோஸ் மூக்கு, தொங்கிய காது, அசல் ராஜபாளையம் நாயின் முகம். வாசலில் நின்ற ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து உடம்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியாகக் கால்கள் வந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. நாயின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

"என்னத்தா இது?" என்றார்.

"நாய்க்குட்டிப்பா. பேரு வாலா" என்றாள் மகள் கற்பகவல்லி. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் டிசைன் போடுகிறவள். "பத்தாயிரம் வாலா சரவெடி கணக்கா நீளமா இருக்குல்ல? அதான்."

"எங்கன பிடிச்ச இத?"

"கம்பெனில மிஷின் ஓட்டுற நல்லசிவம் குடுத்தாரு. அவுக வீட்டுல எடம் பத்தலையாம்."

"நல்லசிவமா? யாரு ஆளுக அவுக?"

ஒரு பேரைக் கேட்டால் அடுத்த மூச்சில் என்ன ஆளுக, அதாவது என்ன சாதி, என்று கேட்பது ஒச்சப்பனின் வழக்கம். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரிடம்கூடக் கேட்டிருக்கிறார். கற்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாரித்தாய் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"ஆளா இப்ப முக்கியம்? இந்தக் கலப்பு நாய மொதல்ல கொண்டு போயி விட்டுட்டு வாங்க. வளர்பிறைல சாத்தூர்க்காரக பொண்ணு பாக்க வாராக. இதப் பாத்தா சிரிக்க மாட்டாக?"

ஒச்சப்பனும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் மாரித்தாய் முந்திவிட்டாள். பெண்டாட்டி சொன்னதை உடனே செய்யும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

"கெடக்கட்டும். பிள்ள ஆசையாக் கொண்டாந்துருக்கு" என்றார். சொன்ன கையோடு தன்னையே திட்டிக்கொண்டார்.

பின்னே? சாத்தூர் ரத்தினசாமி வீட்டுச் சம்பந்தம் லேசில் வந்ததா? கிணறும் காடுமாகச் செழித்த குடும்பம். அந்தச் சம்பந்தம் அமைந்தால் சொந்தபந்தத்தில் ஒச்சப்பன் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் ரத்தினசாமி, ராஜபாளையம் நாய்களை வம்சம் பார்த்து வளர்க்கிறவர். ஒரு வீட்டுக்குப் போனால் ஆட்களைக் கும்பிடுவதற்கு முன் நாயின் வாலைத் தூக்கிப் பார்ப்பார் என்று பேச்சு. நாய் வந்த அன்றிலிருந்து ஒச்சப்பனுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

மறுநாள் டீக்கடையில் பால்பாண்டி ஆரம்பித்துவைத்தான்.

"என்ன மாமா, இது என்ன சாதி?"

ஊர் முழுக்கக் காது தீட்டிக்கொண்டு இருந்தது. ஒச்சப்பன் தடுமாறி, "வெளிநாட்டுச் சாதிலே. ஜெர்மனி" என்று விட்டார்.

"ஜெர்மனியா? காலு இம்புட்டூண்டு இருக்கு?"

"குட்டில்லலே. காலு இனிமேத்தான் வளரும்."

அதோடு நிம்மதி போயிற்று. ஜெர்மனி நாயின் கால் எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஊரே வீட்டுக்கு வந்தது. எதிர்வீட்டுப் பத்திரகாளி விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை அளவுக்கு ஒடித்து வைத்துக்கொண்டு தினமும் வந்து அளந்தாள்.

"நேத்தைக்கு இருந்ததுதான் இன்னைக்கும் இருக்கு. ஒரு நூலு ஏறலியே, அண்ணே!"

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! ஒச்சப்பன் நாய்க்கு முட்டை கொடுத்தார். பால் கொடுத்தார். கால் வளரட்டும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். கால் வளரவில்லை, வயிறு வளர்ந்தது. தீப்பெட்டி நிமிர்ந்து நின்ற இடத்தில் இப்போது அதைப் படுக்கத்தான் போடலாம்.

"இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், கொண்டு போயி விட்டுருங்கன்னு" என்றாள் மாரித்தாய்.

"விட மாட்டேன்!"

"கலப்பு நாய நடுவீட்டுல வச்சிருந்தா நம்ம கௌரவம் என்னத்துக்கு ஆகும்?"

"அது எங்கிட்டக் கெடக்கு, ஒனக்கென்ன?"

அவள் சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிவாதம் ஏறியது. பிடிவாதத்தோடு வேறொன்றும் சேர்ந்து ஏறியதை அவர் கவனிக்கவில்லை. காலையில் மக்காச்சோளக் காட்டுக்குக் கிளம்பினால் வாலா முன்னால் உருண்டு போகும். வரப்பில் எலி வளையைக் கண்டால் போதும், அந்தக் குட்டைக் கால்களால் மண்ணைப் பறித்து எலியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓயும். அவர் வீடு திரும்பத் தாமதமானால் வாசலில் பழியாய்க் கிடக்கும். இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் அவருக்காகக் காத்துக் கிடந்ததில்லை. அந்த நாய் மீது அவருக்கு உயிர்.

ஆனாலும் சாத்தூர்க்காரர்கள் வருகிற அன்று காலையில், "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, தங்கம்" என்று கெஞ்சி, காட்டு மோட்டார் ரூமில் அதை அடைத்துவிட்டு வந்தார்.

கார் வந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. ரத்தினசாமி உள்ளே நுழைந்ததும் தூணில் தொங்கிய சங்கிலியைத்தான் பார்த்தார்.

"நாயி வளக்கீகளோ?"

"ஆமாங்க. ஜெர்மனிச் சாதி. ஊசி போட ஆசுபத்திரிக்குப் போயிருக்கு."

"தனியாவா?"

ஒச்சப்பனுக்கு வேர்த்தது. "கூட ஆளு போயிருக்கு" என்றார்.

கேசரி வந்தது. கற்பகவல்லி வந்து கும்பிட்டாள். மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வாசலிலிருந்து பத்திரகாளியின் குரல் கேட்டது.

"அண்ணே! ஜெர்மனி நாயி ஆசுபத்திரியிலருந்து வந்துருச்சு!"

வந்தது வாலாதான். மோட்டார் ரூம் கதவுக்கு அடியில் பள்ளம் பறித்து, காடு முழுக்க வயிற்றால் உழுதுகொண்டு வந்திருந்தது. வெள்ளை நாய் கரிசல் மண்ணில் கறுத்திருந்தது. நேராகக் கூடத்துக்குள் புகுந்து ஒச்சப்பனைச் சுற்றிச் சுற்றி ஆடியது. உதறிய சேறு ரத்தினசாமியின் வெள்ளை வேட்டியில் புள்ளி வைத்தது.

ரத்தினசாமி துண்டால் அதன் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து காலைத் தேடிப் பார்த்தார்.

"மூஞ்சி நம்ம பக்கத்து மூஞ்சி. காலு எவன் வீட்டுக் காலோ! இது கலப்புல்ல?" என்று எழுந்தார். "கலப்ப நடுவீடு வரைக்கும் விட்டுருக்கீக. நாளைக்கு வேற எதையும் விட மாட்டீகன்னு என்ன நிச்சயம்?" என்றபடி காலால் நாயைத் தள்ளினார்.

வாலா குரைக்கவில்லை. பின்வாங்கி, ஒச்சப்பனின் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான், அவருக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ!

"கால எடுய்யா!" என்று கத்தினார். "கலப்புத்தான்! இருந்துட்டுப் போகட்டும்! அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு நான் கேக்கல. என் வீட்டு வாசப்படி ஏறி வந்துருச்சு, இனி எம் பிள்ளதான். சாதி என்னய்யா சாதி? கொணம் வேணும்யா, கொணம்!"

வாசலில் நின்ற தெரு வாயைப் பிளந்தது. பால்பாண்டி கைதட்டியேவிட்டான். கார் கிளம்பிப் போனது. கேசரி ஆறியது.

கோபம் வடிந்ததும்தான் சம்பந்தம் போனது ஒச்சப்பனுக்கு உறைத்தது. கற்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"தாயி, ஒரு நாய்க்காக ஒன் கல்யாணத்தைக் கெடுத்துப்புட்டேனே!"

"பரவால்லப்பா. இப்ப சொன்னீகளே, அத மறந்துறாதீக. அது போதும்" என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மனசு கேட்காமல், நாயைக் குளிப்பாட்டலாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே மாரித்தாய் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லசிவம் தம்பி, நாயி பாஸாயிருச்சு. இனி நீங்க பொண்ணு கேட்டு வாங்க."