வாழைப்பழப் பெட்டியிலிருந்த வேட்டைத் துப்பாக்கி

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், எங்கள் வேட்டைச் சங்கத்துக்குப் பட்டாளத்துத் துப்பாக்கியோடு வருவதும் கல்யாணத்துக்கு ரப்பர் பூட்ஸோடு வருவதும் ஒன்றுதான். பக்கத்துப் பண்ணை க்ளைவ் ராட்டன்பரி அப்படித்தான் வந்தார். முதல் உலகப் போரிலிருந்து அவருடைய பெரியப்பா கொண்டுவந்த துப்பாக்கி அது.

"என்னப்பா க்ளைவ், மான் சுடப் போறியா, ஜெர்மனி மேல படையெடுக்கப் போறியா?" என்று கேட்டேன். சங்கமே சிரித்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பாக்கியை நாகரிகமாக மாற்ற முடிவு செய்தார். ஆயுதப் பதிவு அலுவலகத்தின் விதி எளிமையானது: ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பாகம். கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். மாற்றம் நிலுவையில் இருக்கும்வரை ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது.

மரக்கட்டை போய் பிளாஸ்டிக் வந்தது. பழைய குறிமுள் போய் தொலைநோக்கி வந்தது. குழல் மாறியது. விசை மாறியது. கடைசியில், துப்பாக்கியின் பதிவு எண் பொறித்த இரும்புக் கூடும் மாறியது. பழையதெல்லாம் கொட்டகையில் ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் போனது. இதற்கு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் ஒரு பெரிய கொம்பு மான் வேலி தாண்டி வந்து அவருடைய வயலிலிருந்த டர்னிப் கிழங்கைத் தின்று கொழுத்தது. அந்த டர்னிப்தான் எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூலையில் முப்பது பசுக்களுக்குச் சோறு.

இறுதி ஆய்வுக்கு அதிகாரி ஹெடர்லி காரில் வந்து இறங்கினார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

"பழைய எண் எங்கே?"

"வாழைப்பழப் பெட்டில இருக்கு சார்."

"அப்ப பெட்டில இருக்கறதுதான் உங்க வேட்டைத் துப்பாக்கி."

"அது பட்டாளத்துத் துப்பாக்கி சார்!"

"அஞ்சு மாற்றத்துக்கும் அனுமதி கொடுத்தாச்சே. பதிவுப்படி அது முழுக்க வேட்டைத் துப்பாக்கி."

"அப்ப என் கையில இருக்கறது?"

"பதிவுல இல்ல. அதனால அப்படி ஒண்ணு கிடையாது."

"சரி, பெட்டில இருக்கறதையே ஒண்ணாப் பூட்டிச் சுட்டுக்கறேன்."

"தாராளமா. பூட்டறதும் மாற்றம்தானே? அஞ்சு பாகம், அஞ்சு விண்ணப்பம்."

க்ளைவ் மொட்டையாகிக் கிடந்த வயலைப் பார்த்தார். பசுக்கள் வேலியோரம் வந்து நின்று அவரைப் பார்த்தன.

ஹெடர்லி கிளம்பினார். முதல் வளைவிலேயே பெரிய சத்தம். டர்னிப் தின்ற கனத்தில் மானால் காருக்கு முன்னால் சாலையைத் தாண்ட முடியவில்லை. மான் செத்தது, காரின் பம்பர் நசுங்கியது. அதிகாரி நடந்தே திரும்பி வந்தார்.

"க்ளைவ், ஒரு சின்னச் சிக்கல். மான் செத்தா நான் படிவம் போடணும். அதுல 'எந்த ஆயுதம்'னு ஒரு கட்டம் இருக்கு. கார்னு எழுதினா மேலிடத்துல ஏத்துக்க மாட்டாங்க."

க்ளைவ் மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "அதுக்கென்ன சார், உங்க காரை வேட்டைக் காரா மாத்திட்டாப் போச்சு. மெதுவா செய்யலாம். முதல்ல பம்பர். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பாகம்."

அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் இரண்டே நாளில் அனுமதி கிடைத்தது. மான்கறி க்ளைவ் வீட்டு ஃப்ரீசருக்குள் போனது, தீவனமில்லாத பசுக்கள் அவருடைய மச்சினன் பண்ணைக்குப் போயின.

இப்போது எங்கள் சங்கத்துக்குத் துப்பாக்கியோடு வருவதுதான் வெட்கக்கேடு. மரியாதையுள்ளவர்கள் எல்லார் வீட்டிலும் ஏலத்தில் எடுத்த பழைய அரசாங்கக் கார் நிற்கிறது. நானும் ஒன்று எடுத்து, பம்பருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மாற்றம் நிலுவையில் இருப்பதால் அதை ஓட்டக் கூடாது.

இதை எழுதும்போது என் முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு மான் நின்று மேய்ந்துகொண்டிருக்கிறது.