தோட்டாக் கூடுகளின் நீர்ப்போர்

எழுபது கிரெய்ன் நீரை வயிற்றில் தாங்கும் பித்தளையைப் பாடத் துணிந்த என் நாவே, நடுங்காதே! மொன்டானாவின் அக்டோபர்க் குளிரில் மீசை விறைத்த மாவீரன், ஆரஞ்சு அங்கி அணிந்த அசையும் குன்று, தோட்டாவுக்குச் சொந்தக் கையால் மருந்தேற்றும் கலையில் தன்னை விஞ்ச ஒருவனும் இல்லையெனத் தானே தீர்மானித்துக்கொண்ட தனிப்பெரும் தலைவன், பள்ளிப் பேருந்து மெக்கானிக் ஆரின் ஸ்டாவ்னெஸ் வாழ்க!

பதினோரு ஆண்டுகள்! ஆண்டுதோறும் எல்க் மான் வேட்டைப் பருவம் திறக்கும் நாளில், மான்கூட்டம் கடக்கும் கணவாயின் உச்சியில் உள்ள தட்டைப் பாறையிலே அவன் தங்கை வெர்லாவின் கணவன் ட்வைட் கோசெல் வீற்றிருக்க, கீழே சதுப்பிலே, காலுறைக்குள் குளத்தைச் சுமந்து குந்தியிருந்தவன் ஆரின். அப்பாறைக்காக லாடம் எறியும் போட்டியில் தோற்றான். சில்லி சமைக்கும் போட்டியிலும் தோற்றான். ஆதலால் இவ்வாண்டு தனக்குக் கைவந்த கலைக்கே பகைவனை அழைத்தான்: எவன் தோட்டாக் கூடு மிகுந்த நீர் கொள்கிறதோ, அவனுக்கே பாறை!

விதி எளிது. ஏற்கெனவே சுட்டு வெறுமையான கூட்டை எடையிடுவது; வாய் விளிம்புவரை நீர் நிரப்பி மீண்டும் எடையிடுவது; கூடிய எடையே அதன் கொள்ளளவு. அளவோ கிரெய்ன். ஒரு பார்லி மணியின் எடைதான் அது. அம்மணியையும் பத்தாகப் பிளந்து, ஒரு பங்கு மிகுந்தாலும் வெற்றியே என முரசறைந்தனர்.

திறப்பு நாளன்று, விடிய ஒரு மணி நேரம் இருக்கையில், ட்வைட்டின் கராஜே குருதி சிந்தாப் போர்க்களமாயிற்று. வெளியே பிக்கப் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷ வேலை மச்சான். அப்புறம் நீங்க பாட்டுக்குச் சதுப்புக்குப் போய் உக்காந்துக்கலாம்" என்றான் ட்வைட்.

"இந்த வருஷம் பூட்ஸை நீ காயவை" என்று கர்ச்சித்தான் ஆரின்.

முதலில் களம் புகுந்தது ட்வைட்டின் கூடு: புகை படிந்து, கரி அப்பி, அடித்துளையை அடைத்தபடி, வெடித்து ஓய்ந்த பிரைமர் மூடி அப்படியே பல்லிளிக்க நின்ற அவலட்சணம். ஆயினும் அறுபத்தொன்பது புள்ளி ஏழு கிரெய்ன் நீரை அது அசையாமல் குடித்து நின்றது. அடுத்து வந்ததோ ஆரினின் செல்வம்! வால்நட் ஓட்டுத்தூளில் ஓர் இரவு முழுதும் உருண்டு, பொன்னும் நாணப் பளபளத்த பேரழகி! வெறுங்கூட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக நீர் வார்த்தான் வீரன். வார்க்க வார்க்கக் குறைந்தது நீர். அந்தோ! மெருகேற்றும் மோகத்தில் பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டிருந்தான், அடியில் ஓட்டை. அழகியின் ஆற்றல் அனைத்தும் தராசுத் தட்டில் வழிந்தோடிற்று.

கலங்குவானோ ஆரின்? அலமாரியில் கிடந்த பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக் கிள்ளி ஓட்டையை அடைத்தான், மீண்டும் வார்த்தான், நிறுத்தான், கழித்தான். எழுபது புள்ளி ஆறு!

"பாறை எனதே! கணவாயே கேள், கலைமான்களே கேளுங்கள்!" என்று அவன் முழங்கிய முழக்கத்தில் கூரையில் தொங்கிய மீன்தூண்டில்கள் ஆடின. காபிக் குவளையோடு நடுவராய் நின்ற வெர்லா மட்டும் ஆடவில்லை.

"அண்ணே, வெறுங்கூட்ட எப்ப எடை போட்டீங்க?"

"மொதல்லயே."

"மெழுகு வெச்சது?"

"அதுக்கப்... அப்புறம்."

"அப்ப மெழுகையும் சேர்த்துத் தண்ணின்னு எண்ணியிருக்கீங்க."

மெழுகைத் தோண்டி நிறுத்தார்கள். புள்ளி ஒன்பது. கழித்தால் இருவரும் அறுபத்தொன்பது புள்ளி ஏழு! இம்மியும் ஏறாத, இம்மியும் இறங்காத சமன்!

"மெழுகுவத்திய முழுங்கிட்டு ஜெயிக்கப் பாத்த கூட்ட இப்பத்தான் மச்சான் பாக்குறேன்" என்று ட்வைட் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுபோர் மூண்டது, ஆரின் வேறொரு கூட்டை, பிரைமர் இருப்பதை மும்முறை தடவிப் பார்த்து, களமிறக்கினான். உன் கூட்டில் நீர் தொப்பைபோல் பிதுங்குகிறது என்றான் ஒருவன்; உன் கூட்டில் குமிழி ஒளிந்திருக்கிறது என்றான் மற்றவன். ஹீட்டர் காற்றில் தராசு சாய்கிறதென ஹீட்டரை அணைத்தனர். மூச்சுக் காற்றிலும் சாய்கிறதென மூச்சை அடக்கி முகம் நீலம் பாரித்தனர். குமிழியை வெல்ல ஒரு துளி சோப்பு சேர்த்தனர். அதன் எடை எவன் கணக்கில் என்று கால்மணி நேரம் வாதிட்டனர். ஒன்பது சுற்று! வெளியே சாலையில் பிக்கப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் மலைநோக்கி விரைந்த ஓசை வீரர் செவியில் வெற்றி முரசாய் ஒலித்தது.

"விடிஞ்சே போச்சு. வண்டில பெட்ரோல் தீந்துரும்" என்றாள் வெர்லா. எவன் கேட்டான்!

பத்தாம் சுற்றில், கதிரவன் கராஜ் சன்னலில் முகம் ஒட்டி எட்டிப் பார்க்க, தராசின் சிவந்த எண்கள் துடித்து, தயங்கி, நின்றன. ஆரினுக்கு அறுபத்தொன்பது புள்ளி எட்டு! ட்வைட்டுக்கு அதே ஏழு! பார்லி மணியில் பத்திலொரு பங்கு பதினோராண்டுச் சதுப்புக்குப் பழிதீர்த்தது. ட்வைட் தலைகவிழ்ந்து, "சரி மச்சான், பாறை உங்களுக்குத்தான்" என்றான். ஆரினின் கண்ணிலிருந்து வழிந்த நீரை எவரும் அளக்கவில்லை. துப்பாக்கியைத் தோளேற்றி, மார்பு விம்ம, உலகின் எல்லாப் பாறைகளுக்கும் முடிசூடிய வேந்தனாய் மலையேறினான். பின்னால் ட்வைட் பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து, பாறையில் வேறு யாரோ உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.